மலையைப் படுக்கவைத்த ஜீப்

கூகைப்பாறை மலை முதன்முதலாகப் படுத்த அன்றைக்குக் காலையில் எங்கள் ஊரில் உருளாத பானையில்லை, கவிழாத உறியில்லை, அவிழ்த்துவிட்ட ஆடுகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து பொன்னாங்கன் வீட்டு வேலியில் குவிந்துகிடந்தன, என்றாலும் ஒருத்தரும் பானையையும் பார்க்கவில்லை ஆட்டையும் பார்க்கவில்லை, ஊரே சீனிச்சாமி வீட்டு முற்றத்தில் கூடி, இத்தனை வருஷமாகக் கோழி அடைகாத்த ஜீப்பின் நான்கு சிலிண்டரும் சேர்ந்து பேசுவதை வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தது. மலை படுத்ததை நாங்கள் கவனித்ததே கொஞ்சம் கழித்துத்தான். மாடு படுப்பதைப் போல முன்னங்காலை மடக்கி, அப்புறம் பின்பக்கத்தை இறக்கி, ஒரு பெருமூச்சு விட்டு அது படுத்தது. எப்போதும் எங்கள் காலுக்குக் கீழே எங்கேயோ ஆழத்தில் கிடக்கும் போடி டவுன், அடுத்த தெரு மாதிரி எதிரில் வந்து நின்றது.

அந்த ஜீப் எப்படி இங்கே வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு காலத்தில் எங்கள் மலைக்கு வண்டிப்பாதை இருந்தது, ஏலத்தோட்டத்து மேனேஜர் ஒருவர் அதில் இந்த ஜீப்பை ஏற்றிக்கொண்டு வந்தார், வந்த வாரமே ஐப்பசி மழையில் மண் சரிந்து பாதை முழுக்கப் பள்ளத்துக்குள் போய்விட்டது, மேனேஜர் நடந்து இறங்கினார், ஜீப்புக்கு நடக்கத் தெரியாததால் இங்கேயே தங்கிவிட்டது. "நீங்களே வச்சுக்கங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் போனவர் போனவர்தான். அதன்பிறகு அது மழைக்கு ஒதுங்கினவர்களுக்குக் கூரையாகவும், கோழிகளுக்கு அடைகூடாகவும், பெண்டாட்டியிடம் கோபித்துக்கொண்டு வெளியேறிய புருஷன்மாருக்குப் படுக்கையாகவும் இருந்தது. சீனிச்சாமி வீட்டு முற்றத்தில் நின்றதால் அதன் துருவெல்லாம் அவனுக்கே சொந்தம் என்று ஊர் விட்டுக்கொடுத்துவிட்டது.

சீனிச்சாமி கீழே தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளைப் பல வருஷம் ஓட்டினவன். பெரிய பிடிவாதக்காரன். அவன் பிடிவாதத்துக்கு முன்னால் மலைப்பாறை வெறும் மெழுகு என்பாள் அவன் பெண்டாட்டி விருமாயி, அவள் வாய்க்கு முன்னால் அந்தப் பிடிவாதமும் மெழுகுதான் என்போம் நாங்கள். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் நாள் நெருங்குவதற்கு முன்பே அவசரப்பட்டு, டோலியில் தூக்கிக்கொண்டு இறங்குகிற வழியிலேயே பிறந்தன. மூத்தது ஒற்றைமரத்து வளைவில், இளையது ஊத்துப்பாறையில். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் இரண்டும் மூச்சை விட்டுவிட்டன. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று இரண்டு தடவையும் சொன்னார்கள். அந்த இரண்டு இடங்களையும் கடக்கும்போது விருமாயி யாரிடமும் பேசமாட்டாள், கூடப் போகிறவர்களும் அவளிடம் பேசமாட்டார்கள்.

மூன்றாம் முறை அவளுக்குத் தலை சுற்றியபோது சீனிச்சாமி கோயிலுக்கும் போகவில்லை, ஜோசியரிடமும் போகவில்லை. ஒரு சுரண்டியும் உப்புத்தாளும் மண்ணெண்ணெயும் எடுத்துக்கொண்டு நேராக ஜீப்பின் அடியில் போய்ப் படுத்தான்.

"எனக்கு மசக்கை வந்தா உனக்குத் துரு சுரண்டத் தோணுதாக்கும்?" என்றாள் விருமாயி, வாசலில் குந்தி மாங்காயைக் கடித்துக்கொண்டே.

"இந்தத் தடவை நீ இதுலதான் இறங்கப் போற."

"பாதை?"

"வண்டி தயாராகட்டும் புள்ள. பாதை அதுக்கப்புறம் யோசிக்கும்."

பாதையில்லாத ஊரில் ஜீப்பைப் பழுது பார்க்கிறவனைப் பார்த்துச் சிரிக்காமல் இருக்க நாங்கள் என்ன முனிவர்களா? சிரித்தோம். ஆனால் சிரித்துக்கொண்டே தினமும் போய் வேடிக்கை பார்த்தோம், வேடிக்கை பார்த்துப் பார்த்து எங்களுக்குச் சிரிப்பு குறைந்துபோனது. அப்படி ஒரு வேலை அது. துருவின் மேல் பெயிண்ட் அடித்தால் பிணத்துக்குப் பவுடர் பூசின மாதிரி என்று சொல்லி, வெள்ளை இரும்பு தெரிகிறவரைக்கும் சுரண்டினான். கழற்றின போல்ட்டை அது வந்த ஓட்டையிலேயே கையால் இரண்டு சுற்றுத் திருகி வைத்தான், கீழே வைத்த போல்ட் கோழிக்குத்தான் சொந்தம் என்றான். தொட்டியில் கெட்டிப்பட்டு நாறிய பழைய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் வடித்துக் கழுவினான். இறுகிப்போன இன்ஜினைக் கண்டவுடன் சுற்றிவிடத் துடித்த பொன்னாங்கனின் கையைத் தட்டிவிட்டு, பிளக் ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றி ஊறப்போட்டு, ஊறுகாய்க்குக்கூட நாள் கொடுக்கிறோம் இரும்புக்குக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டான். தேனியிலும் போடியிலும் காயலான் கடை காயலான் கடையாக அலைந்து, கிடைத்ததைச் சாக்கில் கட்டித் தலைச்சுமையாக மேலே கொண்டுவந்தான், ஒரு ஸ்பிரிங் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊத்துப்பாறையில் அவன் ஏறிவந்ததைப் பார்த்தவர்கள் அன்றைக்கு அவனைக் கிண்டல் செய்யவில்லை.

எல்லாவற்றிலும் எங்களுக்கு விளங்காத ஒன்று, இன்ஜினில் கை வைப்பதற்கு முன்னால் அவன் வாரக்கணக்கில் பிரேக்கோடு மல்லுக்கட்டினதுதான். ஓடாத வண்டிக்கு எதற்குப் பிரேக் என்று பூசாரி மொக்கையன் கேட்டார். மலையுச்சியில் இருக்கும் எங்கள் கருப்பனுக்குப் பூசை வைக்கிறவர், எதையும் கேட்கிற உரிமை உள்ளவர்.

"ஓட வைக்கிறதுக்கு முன்னாடி நிக்க வைக்கணும் பெரியப்பா," என்றான் சீனிச்சாமி. "நிக்கத் தெரியாத வண்டிய ஓட வச்சா, அது நம்ம வண்டி இல்ல, எமனோட வண்டி."

நான்கு சக்கரத்துக்கும் பிரேக் ரப்பரை மாற்றினான், குழாய்களை மாற்றினான், புது எண்ணெய் ஊற்றினான். கைப் பிரேக்குக்கு மட்டும் சாமான் எங்கேயும் அகப்படவில்லை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டான். குழாய்க்குள் காற்று நின்றால் கால்பிரேக் பஞ்சாகிவிடும், காற்றை வெளியேற்ற ஒருத்தர் மேலே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், ஒருத்தர் கீழே படுத்துத் திருகைத் திறக்க வேண்டும். மிதிக்க விருமாயியை உட்காரவைத்தான். மேடிட்ட வயிறு ஸ்டியரிங்கில் இடிக்காமல் சாய்ந்து உட்கார்ந்து அவள் மிதித்தாள், அடியிலிருந்து அவன் குரல் வந்துகொண்டிருந்தது.

"மிதி. பிடிச்சுக்க. நான் சொல்றவரைக்கும் விடாத."

"கால் கடுக்குது மாமா."

"விடாத... விடாத... இப்ப விடு."

இப்படியே மத்தியானம் முழுக்க. நடுவில் ஒருமுறை அவன் சொல்வதற்கு முன்பே அவள் காலை எடுத்துவிட, காற்று திரும்ப உள்ளே போய், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. அவள் திட்டின திட்டு ஊர் முழுக்கக் கேட்டது. கடைசியில் பெடல் கல் மாதிரி நின்றது, சீனிச்சாமி அடியிலிருந்து வெளியே வந்து, முகமெல்லாம் எண்ணெயோடு அவளைப் பார்த்துச் சிரித்தான். இளையது போனதற்கப்புறம் அவன் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான்.

அதற்கு அடுத்துத்தான் இன்ஜின், அதற்கு அடுத்துத்தான் நான் முதலில் சொன்ன அந்தக் காலை. நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிறதற்கென்று டிரைவர் காலடியில் ஒரு சின்ன நெம்புகோல் இருக்கும், அதைப் பின்னால் இழுத்தான், மலை படுத்தது. பாதை யோசித்துவிட்டது என்று விருமாயி சொன்னாள். ஏன் படுத்தது என்று ஊர் கொஞ்ச நாள் பேசியது. மலைக்கும் நின்று நின்று கால் கடுக்காதா என்றார்கள் சிலர், அந்தச் சத்தம் அதற்குப் பிடித்துப்போயிற்று என்றார்கள் சிலர், பூசாரி மட்டும் இது கருப்பனின் குதிரை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். பிறகு அந்தப் பேச்சு அலுத்துப்போனது, ஏனென்றால் படுக்கிற மலையில் குடித்தனம் நடத்துவது எப்படி என்பதே எங்களுக்குப் பெரிய வேலையாக இருந்தது.

அந்த நெம்புகோலைச் சீனிச்சாமி இழுத்தபடியே விட்டுவிட்டதால், ஜீப் உறுமினால் மலை படுக்கும், நிறுத்தினால் எழுந்துவிடும். ஆகவே சாவி போடுவதற்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும் என்றும், ஹாரன் கேட்டால் அடுப்பிலிருப்பதை இறக்கித் தரையில் வைத்து, பானைக்கு முட்டுக் கொடுத்து, தொட்டில் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் ஊர் கூடிப் பேசி முடிவு செய்தது. அப்படியும் யார் வீட்டிலாவது ஒரு சொம்பு உருளாமல் இருந்ததில்லை, சொம்பு உருளுகிற சத்தம் கேட்டால்தான் மலை படுத்துவிட்டது என்று எங்களுக்கு நிச்சயம். ஓடை எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் மாரியாத்தா மேட்டில் குளமாக நின்றது, பெண்கள் அந்தச் சமயம் பார்த்துத் துணி துவைத்தார்கள். பாதை சரியில்லை என்று வாரத்துக்கு இரண்டு நாள் வந்த வாத்தியார் ஐந்து நாளும் வர நேர்ந்தது, அவர் ஒருத்தருக்குத்தான் இந்த ஜீப்பின் மேல் வருத்தம். மலையின் உயரத்தை அளக்க வந்த அதிகாரி ஒருவர், படுத்திருக்கும்போது ஒரு கணக்கும் நிற்கும்போது ஒரு கணக்கும் வர, எதை எழுதுவது என்று கேட்டார். நிற்கும்போது உள்ளதை எழுதுங்க, மனுஷனுக்கும் அப்படித்தானே அளக்கிறீங்க என்றோம். கீழேயிருந்து ஜனங்கள் வேர்க்காமல் விறுவிறுக்காமல் கருப்பன் கோயிலுக்கு வர ஆரம்பித்தபோது, ஏறாமல் வந்த வேண்டுதலுக்குப் பாதிப் பலன்தான் என்று பூசாரி சொல்லிவிட்டார், மீதிப் பாதிக்குக் கோயிலை ஒன்பது சுற்றுச் சுற்றவேண்டும் என்றார்.

ஜீப்பின் உடம்பு எப்படியோ அப்படியே மலையின் படுக்கை என்பதும் சீக்கிரம் தெரிந்துபோனது. ஒரு பிளக்கில் கரி படிந்தால் மலை ஒருக்களித்துப் படுக்கும், பொன்னாங்கன் வீட்டுப் பக்கம் தாழ்ந்து ஊர் ஆடெல்லாம் மறுபடி அவன் வேலிக்கே போகும். கார்புரேட்டரில் தூசி அடைத்தால் மலைக்கு விக்கல் வரும், விக்கலோடு விக்கலாகக் கருப்பன் கோயில் மணி தானாக அடிக்கும். ஆகவே ஜீப்பைப் பார்த்துக்கொள்வது ஊர்ப் பொதுவேலை ஆயிற்று. ஊற்றில் தண்ணீர் மொள்ளும்போதே "மூணாவது பிளக்கு சரியில்லடி, நேத்து எங்க வீட்டுக் குழம்பு இடதுபக்கமாச் சாய்ஞ்சுச்சு" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். கிரீஸ் அடிக்கிற நாள் ஊருக்கு நல்ல நாள். ஓட்டாவிட்டாலும் வாரம் ஒருமுறை சூடேற்ற வேண்டும், காலையில் ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்காமல் சாவியைத் தொடக் கூடாது, மழையில் நனைந்தால் முதலில் அடிப்பாகத்தைத் துடைக்க வேண்டும் என்று சீனிச்சாமி சொன்னதெல்லாம் பிள்ளைகளுக்குப் பாட்டி வைத்தியம் மாதிரி மனப்பாடம். இப்படி ஊரே ஜீப்பில் கை வைத்ததுதான் பின்னால் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

எட்டாம் மாதம் முடிவதற்குள் விருமாயிக்கு வலி எடுத்தது. இந்தப் பிள்ளையும் அவசரக்காரப் பிள்ளை. காலை நேரம், அவள் முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஊர் பதறவில்லை, இந்த ஒரு நாளுக்காகத்தான் அத்தனை துருவும் உதிர்ந்தது என்பது எங்களுக்குத் தெரியும். சீனிச்சாமி அவளை உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு வேட்டி மடித்துக் கட்டிக்கொண்டிருந்தான், வெளியே நாங்கள் ஆளுக்கொரு வேலையை இழுத்துப்போட்டுக்கொண்டோம். ஒருத்தி மெத்தையை விரித்தாள், பொன்னாங்கன் கண்ணாடியைத் துடைத்தான், ரேடியேட்டரில் தண்ணீர் பார்க்கிற வேலையைப் பூசாரி எடுத்துக்கொண்டார். பார்த்தார், குறைந்திருந்தது. கருப்பனின் குதிரை, ஒரு பிள்ளையை உலகத்துக்குக் கொண்டுவரப் போகிற நாள், இன்றைக்குமா வெறுந்தண்ணீர் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கறந்து வைத்திருந்த பசும்பாலை, மந்திரம் சொல்லி, கழுத்துவரைக்கும் ஊற்றி மூடிவிட்டார்.

நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருத்தரும் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் கும்பிட்டோம்.

ஹாரன் அடித்தது, மலை படுத்தது, விருமாயியைப் பின்னால் சாய்த்து, துணைக்குப் பக்கத்து வீட்டு ஒச்சம்மா உட்கார, ஜீப் புறப்பட்டது. ஊரில் பாதிப் பேர் பக்கத்திலேயே ஓடினோம். ஒற்றைமரத்து வளைவு தாண்டியது, விருமாயி கண்ணை மூடிக்கொண்டாள். ஊத்துப்பாறையை நெருங்கும்போது பால் பொங்கினது. மூடியைத் தூக்கி எறிந்துகொண்டு வெள்ளை நுரை வெளியே வந்தது, தீய்ந்த வாடை, உள்ளே திரிந்த பால் குழாயெல்லாம் அடைத்துக்கொண்டு, இன்ஜின் சூடேறி, இரண்டு முறை முக்கி நின்றுவிட்டது. ஊத்துப்பாறையிலேயே நின்றது. விருமாயி கண்ணைத் திறந்து, எந்த இடம் என்று பார்த்து, ஐயோ என்று ஒரு சத்தம் போட்டாள், அந்தச் சத்தத்தை நான் இனி கேட்கக் கூடாது.

இன்ஜின் நின்றதும் மலை வழக்கம்போல எழுந்திருக்க ஆரம்பித்தது. காலுக்கடியில் தரை சாய்ந்தது, நாங்கள் பாறையைப் பற்றிக்கொண்டோம், ஜீப் முன்பக்கமாக நழுவியது. சீனிச்சாமி பிரேக்கை மிதித்தான். நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடித்தன. ஜீப் நின்றது. மலையும் அப்படியே நின்றது. பாதி எழுந்த மாடு கயிற்றை இழுத்துப் பிடித்ததும் மறுபடி படுப்பதைப் போல, கொஞ்சம் யோசித்து, திரும்பப் படுத்துக்கொண்டது.

"கல்லைக் கொடுங்கடா சக்கரத்துக்கு," என்று பொன்னாங்கன் கத்தினான். கல்லை முட்டுக் கொடுத்தோம். சீனிச்சாமி மெல்லக் காலைத் தளர்த்திப் பார்த்தான், ஜீப் அசையவில்லை, ஆனால் மலை நிமிரத் தொடங்கியது. மறுபடி மிதித்தான். கல் அந்த மலையின் கல்தானே, மலையைப் பிடித்துவைக்க அதற்கு ஏது ரோஷம். கைப் பிரேக் இருந்திருந்தால் என்று எல்லோருக்கும் தோன்றியது.

ஒச்சம்மாதான் முதலில் சொன்னாள். "தரை மட்டமாத்தானடி இருக்கு. ஆஸ்பத்திரி கண்ணுக்குத் தெரியுது. வா, நடப்போம்."

விருமாயி இறங்கினாள். ஒரு கை ஒச்சம்மா தோளில், ஒரு கை அடிவயிற்றில். இரண்டு எட்டு வைத்தவள் திரும்பி வந்து, ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு வேர்த்து உட்கார்ந்திருந்த புருஷனின் முகத்தருகே குனிந்தாள்.

"மிதி மாமா. பிடிச்சுக்க," என்றாள். "நான் சொல்றவரைக்கும் விடாத."

அப்புறம் பெண்கள் அவளைச் சூழ்ந்து நடத்திக்கொண்டு போனார்கள், டோலியில் புரண்டு புரண்டு இறங்கின அந்தப் பாறைகளின் மேல், களத்துமேட்டில் நடப்பதைப் போல.

சேர்த்தாகிவிட்டது என்று சேதி கொண்டு ஆட்கள் திரும்பி வந்தார்கள். "சேந்தாச்சுய்யா, இனி காலை எடு, மலை எந்திரிச்சா எந்திரிக்கட்டும்" என்றார்கள். "அவ சொல்லட்டும்" என்றான் சீனிச்சாமி. பொழுது சாய்கிற நேரத்தில் பெண் குழந்தை பிறந்தது, உடனே அழுதது, சின்ன உடம்புதான் ஆனால் மூச்சு நன்றாக இருக்கிறது என்று சேதி வந்தது. அவன் முகத்தை ஸ்டியரிங்கில் கவிழ்த்து விம்மி விம்மி அழுதான், கால் மட்டும் அசையவில்லை. "பிள்ளையைப் போய்ப் பாருய்யா" என்று கெஞ்சினோம். "அவ சொல்லட்டும்." நான் கொஞ்சம் மிதிக்கிறேன் என்று பொன்னாங்கன் கேட்டதற்கு, "இது எந்த எடத்துல நிக்குதுன்னு என் காலுக்குத்தான் தெரியும்" என்றுவிட்டான். பைத்தியம் என்று சொல்லலாம்தான். ஆனால் எங்களில் யாருக்கும் அப்படிச் சொல்ல வரவில்லை, எங்கள் ஊரில் இப்படியொரு மனுஷன் இருக்கிறான் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துதான் போனது. பூசாரி மொக்கையன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் பாதத்தை நீவிவிட்டுக்கொண்டே, "புத்தி கெட்டவன்டா நான், புத்தி கெட்டவன்டா" என்று புலம்பினார். "நாளைக்குப் புளித்தண்ணி ஊத்திக் கழுவிறலாம் பெரியப்பா," என்றான் சீனிச்சாமி, "செம்புக்குச் செய்யிறதுதான் இதுக்கும்." ஊர் வீடுகளிலிருந்து சோறு வந்தது, ஊட்டிவிட்டோம். படுத்த மலையின் மேல் ஊரே விழித்திருந்தது.

எங்கள் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிற கடைசிப் பாடம் இன்றைக்கும் அதுதான், ரேடியேட்டருக்குப் பால் ஊற்றாதே என்பது.

மறுநாள் வெயில் தாழும்போது விருமாயி வந்தாள். இன்னும் இரண்டு நாள் இருக்கச் சொன்னார்களாம், அங்கே ஒருத்தர் கால் கடுக்க உட்கார்ந்திருக்கிறார் என்று இவள் சொன்னாளாம், யாருக்கும் விளங்கவில்லையாம், சண்டை போட்டுக் கிளம்பிவிட்டாள். துணிப்பொதிக்குள் பிள்ளை உள்ளங்கையளவு முகத்தோடு தூங்கிக்கொண்டிருந்தது. மலை எழும்போது உருண்டுவிடாதபடி நாங்கள் ஜீப்பைக் கயிறு போட்டுப் பாறைகளோடு கட்டி முடித்திருந்தோம். அவள் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து பிள்ளையை அவன் பக்கமாகச் சாய்த்துக் காட்டினாள். அவன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். கால் பெடலிலேயே இருந்தது.

"தொடேன்," என்றாள்.

"கையெல்லாம் எண்ணெய் புள்ள."

அவள் சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு முந்தானையால் அவன் நெற்றியைத் துடைத்துவிட்டுச் சொன்னாள்: "இப்ப விடு மாமா."

சீனிச்சாமி காலை எடுத்தான். மலை உடனே எழுந்திருக்கவில்லை. பிறகு, மடியில் தூங்குகிற பிள்ளையோடு எழுந்திருக்கிறவர்கள் எழுவதைப் போல, துளித் துளியாக, ஒரு குலுக்கல் இல்லாமல், பொழுது முழுக்க அடங்குகிறவரைக்கும் நேரம் எடுத்துக்கொண்டு எழுந்தது. பிள்ளை கண் விழிக்கவில்லை. அன்றைக்கு எங்கள் ஊரில் யார் வீட்டிலும் ஒரு சொம்புகூட உருளவில்லை.